ஐசியு மேனேஜர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டத் தலைநகரங்களில் மட்டுமல்ல, தாலுகா ஊர்களிலும் இன்று எட்டு, பத்துக் கட்டில் ஐசியு நடத்தும் தனியார் மருத்துவமனைகள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன. அங்கே ஐசியு மேனேஜர் அல்லது ஐசியு இன்சார்ஜ் பொறுப்புக்கு வருகிறவர்களும் வர நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பெரியவர்களுக்கான பத்துக் கட்டில் பொது ஐசியுவை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். பச்சிளங்குழந்தைகளுக்கான ஐசியுவுக்கும் இதய அறுவை சிகிச்சை ஐசியுவுக்கும் கணக்கு வேறு.

ஐசியு மேனேஜர் என்பவர் டாக்டரா, சிஸ்டரா, ஆபீஸ் ஆளா?

பெரும்பாலான இடங்களில் ஐசியுவிலேயே பல வருடம் வேலை பார்த்த மூத்த செவிலியர்தான் இந்தப் பொறுப்புக்கு வருகிறார். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவமனை நிர்வாகம் படித்தவரைப் போடுவதும் உண்டு. சிகிச்சை முடிவு டாக்டருடையது. ஆள், பொருள், கருவி, கட்டில், பதிவேடு, நோயாளியின் குடும்பம் இந்த ஆறும் மேனேஜருடையது.

வேலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வோம்: கட்டிலருகே நிற்கும் சிஸ்டர் எதையும் தேடிக்கொண்டு கட்டிலை விட்டுப் போகக் கூடாது. சக்ஷன் கதீட்டர் (சளி உறிஞ்சும் குழாய்) தீர்ந்துபோய் ஸ்டோருக்கு ஓடுவது, பில்லிங்கிலிருந்து வரும் போனை எடுப்பது, பேட்டரி போன லாரிங்கோஸ்கோப்பை, அதாவது டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்கும் கருவியை, கையில் வைத்துக்கொண்டு முழிப்பது எல்லாமே மேனேஜர் விட்ட வேலைகள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

என்ன படிப்பு வேண்டும்?

பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம்., மாநில நர்சிங் கவுன்சில் பதிவு, ஐசியு கட்டிலருகே குறைந்தது ஐந்து வருட அனுபவம். நிர்வாகப் படிப்பு மட்டும் முடித்து வருகிறவர் ஐசியுவை நடத்த முடியாது என்று சொல்ல மாட்டோம். ஆனால் முதல் ஆறு மாதம் மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறி நின்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நோர்அட்ரினலின் மருந்தின் சிரிஞ்ச் மாற்றும்போது சிஸ்டரின் கை ஏன் பரபரக்கிறது என்று தெரியாதவர் போடும் டூட்டி லிஸ்ட் சரியாக வராது.

பத்துக் கட்டிலுக்கு எத்தனை செவிலியர் வேண்டும்? நிர்வாகம் 24 போதும் என்கிறது.

அந்த 24 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒரு செவிலியர். மற்றவர்களில் இரண்டு பேருக்கு ஒருவர். சராசரியாக நான்கு பேர் வென்டிலேட்டரில், ஆறு பேர் வெளியே என்று வைத்தால் 4 + 3 = 7. ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒருவர் தனி. அவருக்கு நோயாளி ஒதுக்கக் கூடாது. ஆக ஒரு ஷிஃப்டுக்கு 8, மூன்று ஷிஃப்டுக்கு 24.

இந்த 24 பேரும் வருடம் முழுக்க லீவே போடாமல் வந்தால்தான் கணக்கு சரி. வருடத்துக்கு 24 × 365 = 8,760 டூட்டி நிரப்ப வேண்டும். ஒருவருக்கு வார ஓய்வு 52 நாள், தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 15, தேசிய, பண்டிகை விடுமுறை 9 என்று வைத்தால் மொத்தம் 88. அவர் வருவது 277 நாள். 8,760-ஐ 277-ஆல் வகுத்தால் 31.6, அதாவது 32 பேர். இதில் மகப்பேறு விடுப்பும் இல்லை, வேலையை விட்டுப் போகிறவர்களும் இல்லை, புதிதாகச் சேர்ந்து இன்னும் தனியாக நோயாளியைப் பார்க்க முடியாதவர்களும் இல்லை. அவர்களையும் சேர்த்து 35 கேளுங்கள். விடுப்பு நாட்கள் உங்கள் மருத்துவமனையில் வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டு வகுத்துக்கொள்ளலாம்.

நிர்வாகத்திடம் “ஆள் பத்தவில்லை” என்று பேசினால் காது கொடுக்க மாட்டார்கள். இந்த வகுத்தல் கணக்கை ஒரு தாளில் எழுதி, போன மாதம் எத்தனை ஷிஃப்டில் வென்டிலேட்டர் நோயாளி இரண்டு பேரை ஒரே சிஸ்டர் பார்த்தார் என்ற எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த எண் எல்லா வாதத்தையும் விடப் பேசும்.

டூட்டி லிஸ்ட் போடும்போது எங்கே தவறு நடக்கிறது?

ஆள் எண்ணிக்கையைப் பார்த்துப் போடுவதுதான் தவறு. அனுபவத்தைப் பார்த்துப் போட வேண்டும். எட்டுப் பேரில் ஆறு பேர் ஒரு வருடத்துக்குள் சேர்ந்தவர்கள் என்றால் அந்த இரவு எட்டுப் பேர் இருந்தும் ஆள் இல்லாத இரவுதான். ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டு வருடம் தாண்டியவர்கள் பாதிப் பேராவது இருக்கட்டும். புதியவருக்குப் பக்கத்துக் கட்டில் மூத்தவருடையதாக இருக்கட்டும்.

நைட் டூட்டியைத் தொடர்ச்சியாக மூன்று, நான்கு இரவுக்கு மேல் போடாதீர்கள். நைட் முடித்து காலையில் போனவரை அன்று மாலையே கூப்பிடுவது பல இடங்களில் சகஜமாகிவிட்டது. மருந்துத் தவறுகளின் நேரத்தைக் குறித்து வைத்துப் பாருங்கள். விடியற்காலையும், ஓவர் கொடுக்கும் நேரமும், அதாவது அடுத்த ஷிஃப்டுக்கு நோயாளியை ஒப்படைக்கும் நேரமும்தான் அதிகம் வரும்.

ஓவர் எப்படிக் கொடுக்க வேண்டும்?

நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் படிப்பது ஓவர் அல்ல. கட்டிலருகே, இருவரும் நின்று, நோயாளியின் தலையிலிருந்து கால் வரை பார்த்துக் கொடுப்பதுதான் ஓவர். மூச்சு டியூப் உதட்டருகே எத்தனை செ.மீ. குறியில் நிற்கிறது, டியூப் நுனியில் உள்ள கஃப் பலூனின் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்கிறதா, எந்தப் பம்பில் எந்த மருந்து, எத்தனை மி.லி. வேகம், சிரிஞ்சில் மிச்சம் எவ்வளவு, எந்த லைன் (ரத்தக் குழாயில் போட்ட குழாய்) எந்தத் தேதியில் போட்டது, முதுகில் தோல் சிவந்திருக்கிறதா. மருந்து ஓடும் குழாயை விரலால் பிடித்துக்கொண்டு பம்பிலிருந்து நோயாளி வரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வழிக் குழாய் திருப்பி அடைத்திருந்தால் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது.

ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் ரவுண்ட்ஸ், எக்ஸ்ரே, குளிப்பாட்டல் எதுவும் வைக்காதீர்கள்.

கட்டில் நிரம்பிவிட்டது, எமர்ஜென்சியிலிருந்து போன் வருகிறது. யாரை மாற்றுவது?

முடிவு ஐசியு டாக்டருடையது. ஆனால் அவர் முடிவெடுக்கத் தேவையான பட்டியலைக் காலை எட்டு மணிக்கே தயாராக வைத்திருப்பது மேனேஜரின் வேலை. இன்று வார்டுக்குப் போகக்கூடியவர் யார், வார்டில் கட்டில் இருக்கிறதா, அவரைத் தள்ளிக்கொண்டு போக ஆள் யார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ரத்த அழுத்த மருந்து நிறுத்தி பல மணி நேரமாக நிலையாக இருப்பவர், சாதாரண மாஸ்க் ஆக்சிஜனில் சிரமமின்றி மூச்சு விடுபவர், கூப்பிட்டால் தெளிவாகப் பதில் சொல்பவர் ஆகியோர் அந்தப் பட்டியலின் மேலே வருவார்கள்.

இரவு பதினொரு மணிக்கு அவசரமாக வார்டுக்கு அனுப்புவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். இரவில் வார்டில் ஆள் குறைவு. அப்படிப் போனவர்களில் சிலர் 48 மணி நேரத்துக்குள் திரும்பி வருவார்கள், போனதைவிட மோசமான நிலையில்.

மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் ஐசியு சேர்க்கைக்கும் விடுவிப்புக்கும் 24 நிபுணர்களைக் கொண்டு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நோயாளியோ குடும்பமோ வேண்டாம் என்றால் ஐசியுவில் சேர்க்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. அந்த வழிகாட்டுதலை உங்கள் மருத்துவமனைக்கு ஏற்றபடி ஒரு பக்கமாகச் சுருக்கிச் சுவரில் ஒட்டுங்கள். பெரிய இடத்து சிபாரிசு போனில் வரும்போது ஒட்டிய தாள் துணைக்கு நிற்கும்.

ஆக்சிஜன் விஷயத்தில் மேனேஜருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

இன்ஜினியரிங் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாத முதல் விஷயம் இது. 2021 ஏப்ரலில் நாசிக்கில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் டேங்க் கசிந்து விநியோகம் தடைபட்டதில் இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அப்படி ஒரு நிலை வந்தால் கட்டிலருகே கையில் இருக்கும் நேரம் சில நிமிடம்தான்.

கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிலிண்டர், அதாவது டி டைப்பில், சுமார் 7,000 லிட்டர். சின்ன பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் பி டைப் 150 நிமிடம் வரும். அழுத்த மீட்டர் பாதியில் நின்றால் 75 நிமிடம்தான். மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர், முழு ஆக்சிஜன் வைத்தால் டி டைப் இரண்டு மணி நேரம்கூட வராது. பி டைப் 25 நிமிடத்தில் காலி. அதனால்தான் ஹை ஃப்ளோவில் இருப்பவரை சி.டி. ஸ்கேனுக்குக் கொண்டு போவதற்கு முன் டாக்டரிடம் இரண்டு முறை கேட்க வேண்டும். போக, வர, லிஃப்டுக்குக் காத்திருக்க ஆகும் நேரத்தைக் கூட்டி, அதைப் போல இரண்டு மடங்கு கணக்கிட்டு எடுத்துப் போவது எங்கள் பழக்கம்.

பைப்லைன் அழுத்தம் பொதுவாக 4 பார் அளவில் இருக்கும். அலாரம் அடித்தால் வரிசை இதுதான்: ஒருவர், சிலிண்டர்களைப் பைப்லைனில் இணைத்து வைத்திருக்கும் மேனிஃபோல்டு அறைக்குப் போன் செய்ய, மற்றவர்கள் வென்டிலேட்டர் நோயாளிகள் ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஆம்பு பேக்கோடு (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) நிற்க வேண்டும். அடுத்து சிலிண்டர்களை இழுத்து வந்து இணைக்க வேண்டும். ஆளில்லாத கட்டிலில் திறந்து கிடக்கும் ஃப்ளோமீட்டர்களை மூட வேண்டும். ஹை ஃப்ளோவை என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார். அதிகம் குடிப்பது அதுதான்.

இந்த இடத்தில் சிலிண்டர் சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும், ரெகுலேட்டர் நல்லதாக இருக்கும், திறக்கும் சாவி மட்டும் இருக்காது. ஒரு கைப்பிடி நீள இரும்புச் சாவி. அடுத்த வார்டில் யாரோ கேட்டார்கள் என்று எடுத்துப் போயிருப்பார்கள். ஒவ்வொரு டி டைப் சிலிண்டர் தள்ளுவண்டியிலும் ஒரு சாவியைச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். வால்வு இறுகியிருந்தால் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் தீப்பற்றும்.

கரண்ட் போனால்?

ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு யுபிஎஸ் வேண்டும். வென்டிலேட்டர், மானிட்டர், சிரிஞ்ச் பம்ப் மட்டும் யுபிஎஸ் பிளக்கில். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். ஏர் பெட் மோட்டார், போன் சார்ஜர் இவற்றை அதில் சொருகவே கூடாது.

நடைமுறையில் அதிகம் நடப்பது வேறு. பிளக் சொருகியிருக்கும், சுவிட்ச் ஆஃபில் இருக்கும். பெருக்கித் துடைப்பவர் கை பட்டிருக்கும். பம்ப் பேட்டரியில் அமைதியாக ஓடி, மூன்று மணி நேரம் கழித்து நின்றுபோகும். கருவியில் மின்சார விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதை ஓவரோடு சேருங்கள். பழைய வென்டிலேட்டரின் பேட்டரி புத்தகத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஓடாது. நோயாளி இல்லாதபோது டெஸ்ட் லங் (நுரையீரலுக்குப் பதிலாக மாட்டும் பை) மாட்டி பயோமெடிக்கல் ஆளை ஓட்டிப் பார்க்கச் சொல்லி, உண்மையில் எத்தனை நிமிடம் வந்தது என்று கருவியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

கிராஷ் கார்ட்டை (அவசர மருந்து, சாமான் வண்டி) எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

எண் போட்ட பிளாஸ்டிக் சீல் போட்டுப் பூட்டி வையுங்கள். சீல் உடையாமல் இருந்தால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் சீல் எண்ணை மட்டும் எழுதினால் போதும். உடைந்தால் முழுச் சோதனை. மாதம் ஒருமுறை சீல் உடையாவிட்டாலும் திறந்து காலாவதித் தேதி பார்க்க வேண்டும். சீல் இல்லாத வண்டியில் ஒவ்வொரு ஷிஃப்டும் “எல்லாம் இருக்கிறது” என்று டிக் அடிப்பதை நம்பாதீர்கள். அந்த டிக்குகளைப் பார்த்தாலே தெரியும், ஒரே பேனா, ஒரே சாய்வு.

அவசரத்தில் காலை வாருவது மருந்து அல்ல, சின்னச் சாமான்: லாரிங்கோஸ்கோப் பல்ப், பேட்டரி, 7.0 அளவு டியூப், அதைப் போட உதவும் பூஜி குச்சி, மார்புக்குப் பின்னால் வைக்கும் பலகை. இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் எப்போதும் கரண்டில் சொருகியே இருக்க வேண்டும். தினம் ஒருமுறை, கருவியின் புத்தகத்தில் சொன்ன அளவு ஜூலில் சோதனை டிஸ்சார்ஜ் செய்து, வரும் சீட்டைப் பதிவேட்டில் ஒட்டுங்கள். இசிஜி தாள் இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆபத்தான மருந்துகளை எப்படி வைப்பது?

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலைத் திறந்த ட்ரேயில், டிஸ்டில்டு வாட்டருக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. 15 சதவீத ஆம்பியூல் 10 மி.லி.யில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. கலக்காமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். தனிப் பெட்டி, பூட்டு, சிவப்பு லேபிள். எடுக்கும்போதும் கலக்கும்போதும் இருவர் கையெழுத்து.

நோர்அட்ரினலினில் ஒரு நுட்பம் உண்டு. லேபிளில் எழுதியிருப்பது உப்பின் எடையா, மருந்தின் எடையா என்று பார்க்க வேண்டும். 2 மி.கி. பைட்டார்ட்ரேட் உப்பு என்றால் அதில் நோர்அட்ரினலின் 1 மி.கி.தான். ஃபார்மசி கம்பெனியை மாற்றும்போது இந்த எழுத்து மாறினால், அதே “இரண்டு ஆம்பியூல்” பழக்கத்தில் கலக்கும் சிஸ்டர் தன்னையறியாமல் பாதி டோஸோ இரட்டை டோஸோ கொடுத்துவிடுவார். புதிய கம்பெனி மருந்து ஐசியுவுக்குள் வந்தால் முதலில் மேனேஜர் கைக்கு வரவேண்டும் என்று ஃபார்மசியில் சொல்லி வையுங்கள்.

கலவை வீதம் ஐசியு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். உதாரணமாக 50 மி.லி.யில் 4 மி.கி. என்று முடிவு செய்தால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். டாக்டருக்கு டாக்டர் வேறு கலவை என்றால் ஓவரில் சொல்லும் “5-ல் ஓடுது” என்பதற்கு அர்த்தமே இல்லை. சிரிஞ்ச் மணிக்கு 12 மி.லி. வேகத்தில் ஓடினால் நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அரை மணி நேரம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த சிரிஞ்ச் கலந்து, வேறு பம்பில் மாட்டித் தயாராக இருக்க வேண்டும். தீர்ந்த அலாரம் அடித்த பிறகு கலக்க ஆரம்பித்தால் அதற்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

ஃபென்டனில், மார்ஃபின் போன்றவை 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. இரட்டைப் பூட்டு, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எண்ணிக்கை, மீதி மருந்தைச் சாட்சி முன் அழித்த பதிவு. ஓர் ஆம்பியூல் குறைந்தாலும் அந்த ஷிஃப்ட் வீட்டுக்குப் போகும் முன் தீர்க்க வேண்டும்.

தொற்று விகிதம் எப்படிக் கணக்கிடுவது? எங்கள் ஐசியுவில் ஒரு மாதம் பூஜ்யம், அடுத்த மாதம் 25 என்று வருகிறதே?

தினமும் ஒரே நேரத்தில், நள்ளிரவு என்று வைத்துக்கொள்ளலாம், எத்தனை பேருக்கு வென்டிலேட்டர், எத்தனை பேருக்கு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாயில் போடும் குழாய்), எத்தனை பேருக்கு யூரின் கதீட்டர் என்று எண்ணி எழுதுங்கள். மாதக் கூட்டல்தான் கருவி நாட்கள். தொற்று எண்ணிக்கையை அதனால் வகுத்து 1,000-ஆல் பெருக்க வேண்டும். வென்டிலேட்டர் நாட்கள் 120, நிமோனியா 2 என்றால் விகிதம் 16.7. நாட்கள் 40 மட்டும் இருந்து ஒன்று வந்தாலே 25. சிறிய ஐசியுவில் ஒரு மாத எண் குதிக்கத்தான் செய்யும். மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

பூஜ்யம் வருவதைப் பார்த்துச் சந்தோஷப்படும் முன் கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை) அனுப்புகிறார்களா என்று பாருங்கள். அனுப்பாத ஐசியுவில் தொற்று எப்போதும் பூஜ்யம்தான்.

குறைக்க வழி புதிதாக எதுவும் இல்லை. கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி. கண்ணளவில் 30 என்று நினைப்பது பெரும்பாலும் 20-தான் இருக்கும். கட்டிலின் பக்கத்தில் கோணக் குறி ஒட்டுங்கள். தினமும் மயக்க மருந்தைக் குறைத்துப் பார்ப்பது, தானாக மூச்சு விடுகிறாரா என்று சோதிப்பது, வாய் சுத்தம். சென்ட்ரல் லைன் போடும்போது முழு கவுன், பெரிய ஷீட், தோலில் ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்ஸிடின் தடவி அது காயும்வரை காத்திருத்தல். ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் 7 நாள், துணி டிரெஸ்ஸிங் 2 நாள். ஈரமானாலோ ஓரம் பிரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். வென்டிலேட்டர் சர்க்யூட்டை இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மாற்றத் தேவையில்லை. அழுக்கானால், பழுதானால் மட்டும். எல்லாவற்றையும் விட, ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டில் முன்னும் “இந்தக் குழாய் இன்னைக்கும் வேணுமா டாக்டர்?” என்று கேட்க ஒருவரை நியமியுங்கள். கதீட்டர் தொற்றைத் தடுக்க அதை எடுத்துவிடுவதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

கை சுத்தத்தை ஒளிந்திருந்து கவனிப்பதைவிட பாட்டிலை எண்ணுவது நம்பகமானது. ஆள் பார்க்கிறார் என்று தெரிந்தால் எல்லோரும் தடவுவார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நாளுக்கு 20 மி.லி. ஹேண்ட் ரப் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் குறைந்தபட்சம். பத்துக் கட்டில் நிறைந்த மாதத்துக்கு 6 லிட்டர். ஐசியுவில் ஒரு நோயாளியை ஒரு நாளில் தொடும் தடவைகளைப் பார்த்தால் இதைப் போலப் பல மடங்கு செலவாக வேண்டும். உங்கள் இன்டென்ட்டில் (ஸ்டோருக்குக் கொடுக்கும் தேவைப் பட்டியலில்) ஆறு லிட்டரே போகவில்லை என்றால் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிட்டது.

குப்பை பிரிப்பதும் ஐசியு மேனேஜர் வேலையா?

ஆம். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு, மீந்த மருந்து மஞ்சள் பையில். ஊசி இல்லாத சிரிஞ்ச், ஐ.வி. செட், டியூப், கதீட்டர் சிவப்பில். ஊசி, பிளேடு துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வெள்ளை டப்பா முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். கை குத்துவது அந்தக் கடைசிக் கால் பங்கில்தான்.

மானிட்டர் அலாரம் ஓயாமல் அடிக்கிறது. சிஸ்டர்கள் ஆஃப் பண்ணிவிடுகிறார்கள்.

எல்லா நோயாளிக்கும் ஒரே எல்லையை வைத்தால் அப்படித்தான் ஆகும். ஷிஃப்ட் தொடக்கத்தில் அந்த நோயாளிக்கு ஏற்றபடி எல்லையை மாற்றச் சொல்லுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு டாக்டர் ரத்த ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் போதும் என்று எழுதியிருந்தால் 94-ல் அலாரம் வைப்பதால் யாருக்கு லாபம்? இசிஜி ஸ்டிக்கரை தினமும் மாற்றினாலே பொய் அலாரம் பாதி குறையும். வென்டிலேட்டர் அலாரத்தை மட்டும் யாரும் அணைத்து வைக்கக் கூடாது.

அட்டெண்டர்களிடம், அதாவது நோயாளியோடு வந்த குடும்பத்தாரிடம், எப்படிப் பேசுவது?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ராத்திரி முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார்கள். பேச்சுக்கு ஒரு நேரம் வைத்து, அந்த நேரத்தில் தவறாமல் பேசுங்கள். காலை 11, மாலை 6 என்றால் 11-க்கு டாக்டர் வர வேண்டும். வர முடியவில்லை என்றால் 11-க்கு நீங்கள் வெளியே போய் அதைச் சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் ஒருவரைப் பேசுகிறவராகக் குறித்துக்கொள்ளுங்கள். மகன் ஒன்று கேட்டு, மருமகன் இன்னொன்று கேட்டு, வெளிநாட்டிலிருந்து போனில் மூன்றாமவர் கேட்டால் மூன்று பதில் ஆகிவிடும். நிலைமை பேசுவதும் பணம் பேசுவதும் வேறு வேறு ஆளாக, வேறு வேறு இடத்தில் இருக்கட்டும். “கண்டிஷன் கொஞ்சம் சீரியஸ்மா. அப்புறம் அட்வான்ஸ் கட்டிடுங்க” என்று ஒரே மூச்சில் கேட்ட குடும்பம் அதற்குப் பிறகு எதையும் நம்பாது. தினச் செலவு எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே எண்ணாகச் சொல்லி, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுக் கணக்கு கொடுங்கள்.

பணம் முடியாமல் “கூட்டிட்டுப் போறோம்” என்பவர்களை டாக்டர் சொல்லை மீறிப் போகிறார் என்று கையெழுத்து வாங்கி அனுப்புவது எளிது. அதற்கு முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அரசு மருத்துவக் கல்லூரியில் கட்டில் கிடைக்குமா என்று நீங்களே போன் செய்து கேளுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவர் ஆம்பு பேக்கோடு ஆட்டோவில் போகக் கூடாது. 108-ஐயோ வென்டிலேட்டர் உள்ள ஆம்புலன்ஸையோ ஏற்பாடு செய்து, சுருக்கக் கடிதமும் ஸ்கேன் படமும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

சாலை விபத்து, விஷம் குடித்தவர்கள் வந்தால்?

எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ்) பதிவு, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காவல் நிலையத்துக்கு இன்டிமேஷன், அதாவது எழுத்தில் தகவல். வார்டு மாற்றினாலும் இறந்தாலும் மறுபடி இன்டிமேஷன். இறந்தால் உடலைப் போலீஸ் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். வாந்தி, வயிறு கழுவிய திரவம், ரத்தக் கறை படிந்த உடை எல்லாம் சாட்சியம். ஹவுஸ்கீப்பிங் கையில் போய்விடாமல் பாருங்கள்.

சாலை விபத்தில் வருபவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். உங்கள் மருத்துவமனை பட்டியலில் இருந்தால் இரவு டூட்டி பில்லிங் ஆளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால்தான் நடுராத்திரியில் தாலியை அடகு வைக்க ஓடுகிறார்கள்.

மூளைச்சாவு என்று டாக்டர் சொன்னால் மேனேஜர் என்ன செய்ய வேண்டும்?

1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க ரத்த அழுத்தம், உடல் சூடு, சிறுநீர் அளவு எல்லாவற்றையும் உயிருள்ள நோயாளிக்குப் போலவே பார்க்க வேண்டும். இங்கே செவிலியர் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழக்கமான தவறு. மரணத்தைச் சொல்பவரும் உறுப்பு தானம் பற்றிக் கேட்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. மரணத்தைக் குடும்பம் ஏற்றுக்கொண்ட பிறகே ஒருங்கிணைப்பாளர் பேச வேண்டும். உறுப்புகள் யாருக்கு என்பதை முடிவு செய்வது தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான், மருத்துவமனை அல்ல.

இது வேறு, பலனில்லாத சிகிச்சையை நிறுத்துவது வேறு. அதற்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் வகுத்து 2023 ஜனவரியில் எளிதாக்கிய நடைமுறை இருக்கிறது: முதல்நிலை, இரண்டாம்நிலை என மும்மூன்று டாக்டர்கள் கொண்ட இரு குழுக்கள், கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்து. குழுவில் யார் யார் என்று முன்கூட்டியே பட்டியல் வைத்திருங்கள்.

தீப்பிடித்தால் யாரை முதலில் வெளியே எடுப்பது?

தீக்கு மிக அருகில் இருப்பவரை. அடுத்து, எளிதில் நகர்த்தக்கூடியவர்கள். பல குழாய்களோடு இருப்பவருக்கு மூன்று பேர் வேண்டும், அதற்குள் நால்வரை வெளியே கொண்டுபோய்விடலாம். மனது கேட்காத வரிசைதான். அதனால்தான் முன்பே பேசி, எழுதி வைத்திருக்க வேண்டும். கட்டிலோடு தள்ள முடியாவிட்டால் மெத்தை விரிப்போடு தரையில் இழுக்கலாம். மாடி இறங்குவதற்கு முன் அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவதே முதல் இலக்கு. வென்டிலேட்டர் நோயாளிகளை ஆம்பு பேக்குக்கு மாற்றியதும் ஷிஃப்ட் இன்சார்ஜ், ஐசியுவுக்கு வரும் ஆக்சிஜனை நிறுத்தும் ஸோன் வால்வை மூட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று இன்று இரவு டூட்டியில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

2024 நவம்பரில் ஜான்சியில் பச்சிளங்குழந்தைகள் ஐசியுவில் தீப்பிடித்தது இரவு நேரத்தில். ஒத்திகையைப் பகல் மூன்று மணிக்கு, எல்லோரும் இருக்கும்போது நடத்திப் போட்டோ எடுப்பதில் பயன் இல்லை. இரவு ஆட்களோடு நடத்துங்கள். அவசர வழிக்கு முன்னால் பழைய கட்டிலோ ஸ்ட்ரெச்சரோ நிறுத்தியிருந்தால் அன்றே அகற்றச் செய்யுங்கள்.

மாத அறிக்கையில் எந்த எண்களைக் கொடுப்பது?

கட்டில் நிரம்பிய விகிதம், சராசரித் தங்கல், மூன்று தொற்று விகிதங்கள், தானாகப் பிடுங்கப்பட்ட டியூப்கள், 48 மணி நேரத்தில் திரும்பி வந்தவர்கள், புதிய படுக்கைப் புண்கள், மருந்துத் தவறுகள். இறப்பு விகிதத்தைத் தனியாகக் கொடுக்காதீர்கள். நோயின் தீவிரத்தை அளக்கும் அபாச்சி 2 மதிப்பெண் வைத்து எதிர்பார்த்த இறப்பு எத்தனை, நடந்தது எத்தனை என்று வகுத்துக் கொடுங்கள். மோசமான நோயாளிகளை ஏற்கும் ஐசியுவில் வெறும் சதவீதம் அதிகமாகத்தான் தெரியும். மருந்துத் தவறு எண்ணிக்கை கூடினால் கோபப்படாதீர்கள். சொல்லத் துணிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சொன்னவருக்கு மெமோ கொடுத்தால் அடுத்த மாதம் எண் இறங்கும், தவறு இறங்காது.

புதிதாகப் பொறுப்பேற்கிறேன். முதல் வாரம் என்ன செய்யலாம்?

எதையும் மாற்றாதீர்கள். ஒரு முழு இரவு ஏதாவது ஒரு வென்டிலேட்டர் கட்டிலுக்கு எதிரே நின்று, சிஸ்டர் கட்டிலை விட்டு ஒவ்வொரு முறை போகும்போதும் நேரம், எதற்காக, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். விடியும்போது அந்தத் தாளில் நிமிடங்களைக் கூட்டி, அதிகம் தின்ற மூன்று காரணங்களை வட்டமிடுங்கள். லேபுக்கு சாம்பிள் கொண்டுபோக ஆள் இல்லாதது, ஃபார்மசி இன்டென்ட்டுக்குப் போன் மேல் போன், பக்கத்துக் கட்டிலின் குளுக்கோமீட்டரைக் கடன் வாங்குவது போன்றவைதான் பெரும்பாலும் வரும். இரண்டாவது வாரம் நிர்வாகத்தைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.